பெரியம்மாள் வீட்டுப் பித்தளை

பாப்பிரெட்டிப்பட்டிக்குச் சுத்தம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது தான்தான் என்று பெரியம்மாள் மனதார நம்பினாள். தனக்கு முன்னால் அந்த ஊர் ஜனங்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள் என்பது அவளுக்குத் தீராத ஆச்சரியம். கொஞ்ச வருஷம் முன்பு வரை அவளும் அதே ஊரில், அதே ஜனங்களோடு, மண்சட்டியில் குழம்பு வைத்து, களி கிண்டித் தின்று, உயிரோடு இருந்தவள்தான். அதை இப்போது யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. ஞாபகப்படுத்தக்கூடியவர்களில் பாதிப் பேர் அவள் புருஷன் மாதுவின் புளி மண்டியில் கூலிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உலகச் சண்டை வந்து நாட்டில் எல்லோருக்கும் கஷ்டகாலம் வந்தபோது மாதுவுக்குக் காண்டிராக்டு வந்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்குகிற புளியை வாங்கி, கொட்டை எடுத்து, பட்டாளத்துக்கு மூட்டை மூட்டையாக அனுப்பவேண்டும். வெள்ளைக்காரச் சோல்ஜர் புளி தின்பானா என்று ஊரில் சிலர் கேட்டார்கள். நம்ம பையன்களும்தானே அங்கே சாகப் போயிருக்கிறார்கள், சாகிறவனுக்குப் புளிக்குழம்பு வேண்டாமா என்று மாது திருப்பிக் கேட்டார். ஓலைக் கூரை மச்சு வீடாக மாறியது. வெறும் மாதுவாக இருந்தவர் மாது முதலாளி ஆனார். மிச்சம் இருந்தது பெரியம்மாள் மாறவேண்டியதுதான். அவள் அதற்குச் சேலம் வரைக்கும் போய்வந்தாள்.

காண்டிராக்டுக் காகிதங்களைப் பார்த்துக்கொடுக்கிற வக்கீல் வீட்டில் கல்யாணம். மாதுவும் பெரியம்மாளும் பட்டுடுத்திக்கொண்டு போனார்கள். வாசலில் மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். தண்ணீர் கேட்கிற சாக்கில் பெரியம்மாள் சமையல்கட்டுப் பக்கம் போனபோது, "அங்கேயே நில்லுங்கோ, இந்தப் பக்கம் வரப்படாது" என்று ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவள் நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தாள். உள்ளே சுவரோரம் வரிசையாகப் பித்தளை அண்டா, பித்தளைத் தவலை, பித்தளைக் குண்டான். எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் தங்கமாக ஜொலித்தன. சமைக்கிறவர்கள் யாரும் வாயில் வைத்து உப்புப் பார்க்கவில்லை. மருந்துக்குக்கூட ஒரு மண்சட்டி இல்லை.

வேறு யாராவது என்றால் உள்ளே விடவில்லையே என்று கொஞ்சமாவது மனசு சுண்டியிருப்பார்கள். பெரியம்மாளுக்கு அந்த வருத்தமெல்லாம் வரவில்லை. சுத்தம் என்றால் என்னவென்று தெரிந்துபோன சந்தோஷத்தில் ஊர் திரும்பினாள். அவள் பார்த்தது அத்தனையும் பாத்திரங்களின் முதுகு என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

அவளுடைய சுத்தத்தைக் கற்றுக்கொள்ள முதல் ஆளாக வந்து சேர்ந்தவள் செல்லி. பெரியம்மாளின் தம்பி கோவிந்தனுடைய மூத்த மகள். பதினாறு வயது. கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் ஆமணக்கும் போட்டு, மழை பெய்தால் தின்கிற குடும்பம். தை மாதம் அவளைப் பெரியம்மாளின் மகன் சின்னராஜுக்குக் கட்டுவதாகப் பேச்சு. முறைப்பெண் என்பதால் பேச்சை மாற்ற முடியவில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை போடப் பெரியம்மாளால் முடிந்தது.

"கோவிந்தா, உம்பொண்ணு நல்லவதான். ஆனா உங்க வூட்டு சமையலப் பத்தி எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாள் இங்க வந்து சுத்தமா ஆக்கப் பழகட்டும். சரிப்பட்டு வந்தா தை மாசம் தாலி. சரிப்படலன்னா பாக்கலாம்."

'பாக்கலாம்' என்றால் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று கோவிந்தனுக்குத் தெரியும், செல்லிக்கும் தெரியும். மாமியார் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து அழுக்குக்காரி என்று திரும்பி வந்த பெண்ணை வேறு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அவளுக்குக் கீழே ஒரு தங்கச்சி வேறு இருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

செல்லி வரும்போது துணி மூட்டையோடு ஒரு குழம்புச் சட்டியும் கொண்டுவந்திருந்தாள். அவள் அம்மா கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கிக் கொடுத்தது. பெரியம்மாள் அதைத் தொடவில்லை, காலால் காட்டினாள்.

"அத மாட்டுக் கொட்டாயில வையி. என் அடுப்புல மண்ணு ஏறக்கூடாது."

அதே வாரம் தர்மபுரியிலிருந்து புதுப் பித்தளை வண்டியில் வந்து இறங்கியது. பெரியம்மாள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள், முகம் பார்த்தாள், பிறகு உள்ளே பார்த்தாள். முகம் மாறிவிட்டது. வெளியே தங்கம், உள்ளே மங்கலாய் ஒரு வெள்ளை.

"பாத்தியா புள்ள, கடைக்காரன் வேலைய. ஓட்டைய மறைக்க உள்ளார என்னத்தையோ பூசி அனுப்பியிருக்கான். அத்தனையும் அழுக்கு. தேச்சு எடு. மேல எப்படி இருக்குதோ அப்படியே உள்ளாரயும் இருக்கணும். எம்மொகம் தெரியணும்."

பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசித்தான் புழங்குவார்கள் என்பது தலைமுறையாய்ப் பித்தளை வைத்திருக்கிற வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பெரியம்மாள் வீட்டில் அந்தத் தலைமுறை அன்றைக்குக் காலையில்தான் ஆரம்பித்திருந்தது. செல்லி பித்தளையைத் தொடுவதே அதுதான் முதல் தடவை. அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கொல்லையில் உட்கார்ந்து தேய்த்தாள். புளிச்சக்கைக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. செங்கல்லை இடித்துத் தூளாக்கி, ஆற்று மணலும் சேர்த்து, தேங்காய் நாரால் நாள் கணக்கில் தேய்த்தாள். நகம் தேய்ந்தது, விரல்நுனி வெடித்தது. கடைசியில் வெள்ளை போய் மஞ்சள் வந்தது. பெரியம்மாள் குண்டானுக்குள் குனிந்து பார்த்தாள். குண்டானுக்குள்ளிருந்து இன்னொரு பெரியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

இரண்டொரு வாரம் கழித்து அப்துல் ரஷீத் பாய் அந்தத் தெருவில் வந்தார். தர்மபுரிக்காரர். துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் ஈயம் பூசுகிறவர். கொல்லை வேலி ஓரம் காய்ந்துகொண்டிருந்த குண்டானைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, இத யாரு இப்பிடிச் சொரண்டுனது? கடைக்கு நான் பூசிக் குடுத்த சாமானாச்சே இது."

செல்லி வாயைத் திறப்பதற்குள் பெரியம்மாள் வந்துவிட்டாள். "சொரண்டல பாய். சுத்தம் பண்ணியிருக்குது."

"ஈயம் இல்லாத பித்தளையில புளி வைக்காதீங்கம்மா. பச்சையாக் களிம்பு ஏறும், வயித்தப் புடுங்கும். மலேயாவ சப்பான்காரன் புடிச்சதிலிருந்து ஈயமே வர்றதில்ல. எங்கிட்ட கொஞ்சம் கெடக்குது. சொன்னீங்கன்னா இன்னிக்கே பூசிட்டுப் போறேன்."

"தங்கத்தக் குடுத்துட்டு சாம்பல வாங்கிக்க எனக்கென்ன கிறுக்கா? போயிட்டு வாங்க பாய்."

பாய் துருத்தியை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பெரியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். புளி மண்டிக்காரன் வீட்டில் புளி வைக்கக்கூடாதாம். வேலை கிடைக்காவிட்டால் மனுஷர்கள் என்னவெல்லாம் கிளப்பிவிடுகிறார்கள். செல்லிக்கு மட்டும் களிம்பு என்ற சொல் காதிலேயே நின்றது.

அப்புறம் அந்த வீட்டில் பாடம் ஒழுங்காக நடந்தது. அடுப்பு மூட்டுவதற்கு முன் குளி. கூந்தலை முடி. குனிந்து ஊதாதே, எச்சில் தெறிக்கும். முக்கியமாக, நாக்கில் வைத்துப் பார்க்காதே. செல்லியின் வீட்டில் குழம்பு கொதித்ததும் அவள் அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவாள். அதைச் சொன்னபோது பெரியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். சேலத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்களாம். சேலத்தில் அவளை எது வரைக்கும் உள்ளே விட்டார்கள் என்று செல்லி கேட்கவில்லை.

ராத்திரி வைத்த புளிக்குழம்புக்குத்தான் மறுநாள் ருசி கூடும் என்பது மாதுவின் கட்சி. அதனால் குழம்பு குண்டானிலேயே தங்கும். காலையில் விளிம்பில் பச்சையாய் ஒரு கோடு ஓடியிருக்கும். செல்லி காட்டினால், "நீ சரியாத் தேய்க்கல" என்று பதில் வரும். இன்னும் தேய்ப்பாள். மறுநாள் கோடு இன்னும் கொஞ்சம் தடித்திருக்கும். மாதுவுக்கு நெஞ்சு எரிந்தது. சின்னராஜ் சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வான். புது வீட்டுக்கு ஊர்க்கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்தார்கள். பெரியம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சு வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பால்சோறுதான் சாப்பிட்டாள். புளி விற்பதற்கு மட்டும்தான் என்று அவள் முடிவு செய்து ரொம்ப நாளாயிற்று. செல்லிக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு அவளுக்குக் குழம்பு மிஞ்சாது. மாட்டுக் கொட்டாயில் தன் சட்டியில் கீரை கடைந்து, களியோடு தின்பாள்.

காலரா வருகிற காலம் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் பிளீச்சிங் பவுடரோடு வீடு வீடாக வந்தார். பெரியம்மாள் அடுப்பங்கரையைப் பார்த்ததும் அவருக்கு வாயடைத்துவிட்டது. குண்டானுக்குள் தன் மீசையைப் பார்த்து, ஒரு பக்கம் சரிந்திருந்ததைச் சரிசெய்துகொண்டார். ஊரில் எல்லோரும் இங்கே வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவரைவிட அதிகமாகப் பெரியம்மாள் ஊரெல்லாம் சொன்னாள்.

ஐப்பசியில் தாம்பூலம் மாற்றிக்கொள்ள நாள் குறித்தார்கள். கோவிந்தன் வந்தார். மாதுவின் பங்காளிகள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் மல்லையன், சாப்பாட்டு விஷயத்தில் கூச்சமே இல்லாதவர். முந்தின நாளே மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுப் பெரிய குண்டான் நிறையப் புளிக்குழம்பு வைத்தாயிற்று. முதல்தரமான புளி. பட்டாளத்துக்குக்கூட அந்தத் தரம் போகாது.

காலையில் செல்லி மூடியைத் திறந்தபோது எண்ணெய் மேலாகப் பச்சைச் சாயல் ஓடியது.

"அத்த, ஒரு சொட்டு உள்ளங்கையில உட்டுப் பாக்கட்டுங்களா? என்னமோ மாதிரி இருக்குதுங்க."

"எச்சி பண்ணி சம்பந்திகளுக்குப் போடறியா? உன்ன எதுக்கு இங்க வச்சிருக்குது? கிண்டிட்டு எடுத்துட்டு வா."

செல்லி கிண்டினாள். பச்சை உள்ளே போய்விட்டது. எடுத்துக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டை எல்லோரும் புகழ்ந்தார்கள். தாம்பூலம் மாற்றுகிற நேரம் வந்தபோது தட்டை எடுக்க ஆள் இல்லை. முதலில் மல்லையன் எழுந்து கொல்லைக்குப் போனார். அவரைத் தேடிப் போனவர் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வேலியோரம் இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. மாப்பிள்ளையும் மாமனாரும் ஒரே வேப்பமரத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செல்லி சொம்பு சொம்பாய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தபடி ஓடிக்கொண்டிருந்தாள். நடுநடுவே அப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

யாரும் சாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து இது காலரா இல்லை என்றார். பிறகு என்னவென்று கேட்டதற்கு யோசித்தார். கிணற்றில் அவரே மருந்து போட்டிருந்தார், அதனால் கிணறு சுத்தம். அடுப்பங்கரையை அவரே புகழ்ந்திருந்தார், அதனால் அடுப்பங்கரையும் சுத்தம். பாத்திரத்தில் அவர் மீசையே தெரிந்தது. மிச்சம் இருந்தது சமைத்தவளுடைய கை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. செல்லியின் விரல்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். வெடித்துக் கறுத்திருந்த விரல்கள்தான். அந்த வீட்டைச் சுத்தம் செய்து அப்படி ஆனவை என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"எல்லாரும் உழுந்து கெடக்கறப்ப உனக்கு மட்டும் ஏண்டி ஒன்னுமே ஆகல?" என்றாள் பெரியம்மாள்.

நல்ல கேள்வி. அவளுக்கும்தான் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பால்சோறு தின்கிறவளைச் சாமி காப்பாற்றும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாட்டுக் கொட்டாயில் தின்கிறவளை யார் காப்பாற்றியது என்பதில்தான் சந்தேகம்.

வயிறு தெளிந்து, ஆட்கள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் புளி மண்டியில் பேச்சுக் கூடியது. மூட்டைகளை ஒதுக்கி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மல்லையன் நடுவில் உட்கார்ந்தார். கோவிந்தன் ஓரமாக உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் மகளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செல்லிக்கு அதுதான் பெரிய வேதனை. அப்பாவும் தன் கையைத்தான் சந்தேகப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியம்மாள் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள்.

"பாத்திரத்து மேல சந்தேகம் வரும்னு தெரியும். அதனால அதே குண்டான்ல, அதே புளியில, எங்கையால நேத்து சாயங்காலமே குழம்பு வச்சிட்டேன். அவளத் தொட உடல. எல்லாரும் சாப்பிடுங்க. வயித்துக்கு ஒன்னும் ஆகலன்னா, கொற யாரு கையிலன்னு உங்களுக்கே தெரிஞ்சிபோயிரும்."

அருமையான யோசனை. சாப்பிட ஆள்தான் வேண்டும். மல்லையனுக்குத் திடீரென்று கடைவாய்ப்பல் வலித்தது. இன்னொரு பங்காளிக்கு அன்றைக்கென்று ஒரு வேண்டுதல் இருந்தது. சின்னராஜ் வெளியே மாட்டைப் பிடித்துக் கட்டப் போவதாகச் சொன்னான். மாடு கட்டித்தான் இருந்தது. மாது முதலாளி கூரையில் ஓடு எண்ண ஆரம்பித்தார்.

"நான் சாப்பிடறேன்க்கா," என்று கோவிந்தன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இலை போட்டார்கள். பெரியம்மாள் சோற்றைக் குவித்து, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றினாள்.

செல்லி நிலையோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணில் குண்டானின் விளிம்புதான் பட்டது. அதே பச்சைக் கோடு. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அப்பாவுக்கு வயிறு கெட்டால் குறை பாத்திரத்தில் என்று ஆகிவிடும். அவள் பேர் தப்பும், தை மாதம் தாலி ஏறும். அப்பாவுக்குப் போன தடவையே கண் உள்ளே போய், கன்னம் ஒட்டிவிட்டது. இன்னொரு தடவை அந்த உடம்பு தாங்காது. கோவிந்தன் சோற்றில் கை வைத்துப் பிசைந்தார்.

செல்லி உள்ளே வந்தாள். குண்டானில் கிடந்த கரண்டியை எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, அத்தனை பேர் பார்க்க நாக்கில் வைத்தாள். செப்புக்காசை வாயில் போட்டுச் சப்பினது போல இருந்தது. வாசல் பக்கம் திரும்பித் துப்பினாள்.

"அப்பா, கைய எடு."

"எச்சி பண்ணிட்டா," என்றாள் பெரியம்மாள். "பாத்துட்டீங்களா? எங்கண்ணு முன்னாலயே குண்டான எச்சி பண்ணிட்டா. இத்தன மாசம் சொல்லிக் குடுத்ததுக்கு இதான் மரியாத. என்னமோ வெசத்த நக்கின மாதிரி துப்பறா. இந்தா, நான் சாப்பிட்டுக் காட்டறேன்."

கரண்டி நிறைய மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டாள்.

ஊற்றிக்கொண்டவள் அப்படியே நின்றாள். எல்லோரும் அவள் தொண்டையைப் பார்த்தார்கள். தொண்டை அசையவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. விழுங்கவும் முடியவில்லை, இத்தனை சம்பந்தக்காரர்கள் முன்னால் துப்பவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டியது. அந்த வீட்டில் அவள் வாய் திறக்காமல் அவ்வளவு நேரம் இருந்ததை மாது அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் ஓடு எண்ணுவதைக்கூட விட்டுவிட்டார்.

செல்லி மாட்டுக் கொட்டாய்க்கு ஓடித் தன் மண்சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் அத்தையின் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.

"துப்பிடுங்க அத்த. முழுங்கிடாதீங்க."

பெரியம்மாள் துப்பினாள். தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

மல்லையன் குண்டானை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். "இது களிம்பு. ஈயமே இல்லியே இதுல."

பங்காளிகள் ஓரக்கண்ணால் மாதுவைப் பார்த்தார்கள். குறை பாத்திரத்தில் என்றால், அது மாது முதலாளியின் பாத்திரம். மல்லையனின் புளியையும் அவர்தான் வாங்குகிறார். பெரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சிக்கலையும் அவிழ்த்தாள்.

"அந்த ஈயம் பூசற பாய் பண்ண வேல இது. மட்டமான ஈயம். ரெண்டு தேய்ப்புக்கே போயிருச்சு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. பாய் அங்கே இல்லை. தர்மபுரியில் இருந்தார். இல்லாத ஆள் மேல் பழி போட்டால் இருக்கிறவர்களுக்குள் மனஸ்தாபம் வராது. ஆமாம், இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று ஒருத்தர் தலையாட்டினார். மாது பாயைக் கண்டால் பேசிக்கொள்வதாகச் சொன்னார். மல்லையனுக்குப் பல்வலி நின்றுவிட்டது.

"அப்ப புள்ள மேல தப்பு இல்ல. பேசினபடி தை மாசம் கல்யாணம். அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான். செல்லி எதற்காக வந்தாளோ அது கிடைத்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். தன் கைக்கு என்ன செய்ய இருந்தார்களோ அதைத்தான் இப்போது பாயின் கைக்குச் செய்கிறார்கள் என்று புரிந்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாய் பூசுனது நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றாள். "நான்தான் தேச்சு எடுத்தேன். தேய்க்கச் சொன்னது அத்த. ஈயம் போனா புளி வைக்காதீங்கன்னு அவரு வந்து சொல்லிட்டுத்தான் போனாரு. அத்த சிரிச்சாங்க."

மாது பெரியம்மாளைப் பார்த்தார். பெரியம்மாள் யாரையும் பார்க்கவில்லை.

"அழுக்கு கையில இல்லீங்க," என்றாள் மல்லையனிடம், நிதானமாக. "வாயில இருக்குது. இந்த வாயி என் வூட்டுக்கு வேணாம்."

சின்னராஜ் கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தான். செல்லி அவனை ஒரு தடவை பார்த்தாள். அவன் மாட்டைப் பார்க்கப் போனான். அதோடு அந்தக் கல்யாணப் பேச்சு முடிந்தது.

பிற்பாடு பெரியம்மாள் தர்மபுரிக்கு ஆள் அனுப்பி அத்தனை பாத்திரத்துக்கும் ரஷீத் பாயிடமே ஈயம் பூசி வாங்கினாள் என்று கேள்வி. யாரிடமும் சொல்லாமல், சாக்கில் கட்டி அனுப்பினாளாம். பூசி வந்த பாத்திரங்களுக்குள் முகம் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்க வருகிறவர்களை நிலைப்படிக்கு வெளியிலேயே நிறுத்தினாளாம். அடுத்த காலராவுக்கு வந்த இன்ஸ்பெக்டர் முன்னைவிட அதிகமாகப் புகழ்ந்தாராம். இதெல்லாம் செல்லியின் காதுக்கு வந்து சேர ரொம்ப நாளாயிற்று.

பேச்சு முறிந்த அன்றைக்குச் சாயங்காலம் அவளும் கோவிந்தனும், பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற அரூர் பஸ்ஸில் ஏறப் புளியமரத்தடியில் நின்றார்கள். பஸ் வந்துதான் நின்றிருந்தது. கிளீனர் பின்னால் நின்று கரி அடுப்பின் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அனல் ஏறுகிற வழியாக இல்லை. கோவிந்தன் துணி மூட்டையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சட்டிய உட்டுட்டு வந்துட்டியே."

"அதுல அத்த துப்பிட்டாங்கப்பா."

அவர் குனிந்து மூட்டையின் முடிச்சை இறுக்கினார். நிமிர்ந்து, "அழுக்குக்காரின்ற பேரு போயி வாய்க்காரின்ற பேரு வந்துருச்சு" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை. எந்தப் பேருக்கு மாப்பிள்ளை கிடைப்பது சுலபம் என்று கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது.

செல்லிக்கு அழுகை வந்துவிட்டது. "நீ எதுக்குப்பா அந்த இலையில போயி கைய வச்ச? பச்சை இருந்தது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா வச்ச?"

"உங்கையில கொற இல்லன்னு எனக்குத் தெரியும். அப்ப பாத்திரத்துலதானே கொற? ஒருத்தன் தின்னு வாந்தி எடுத்தாத்தானே அவங்க நம்புவாங்க. வேற ஒருத்தனும் எந்திரிக்கல." அவர் பஸ்ஸின் கரிப்புகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன தடவ எடுத்தவன்தானே, இன்னொரு தடவ எடுத்துட்டுப் போறேன்னு உக்காந்தேன்."

செல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தன்னிடம் ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, நாலு வார்த்தை திட்டவேண்டும் போலவும் இருந்தது. திட்டுவது சுலபமாக இருந்தது.

"இனிமே யாரு வூட்டுல போட்டாலும் மொதல்ல ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாரு. அக்கா வூடா இருந்தாலும் பாரு. நல்லா இல்லன்னா எந்திரிச்சிரு. எனக்கோசரம்னு எதையும் முழுங்காத. கேக்குதா?"

"கேக்குது," என்றார் கோவிந்தன்.

கிளீனர் கையைக் காட்டினான். இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.